உதிரிப் பாகம் "இனி வராது" என்று யார் முடிவு செய்கிறார்கள்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கம்பியில்லாத் தூசு உறிஞ்சியின் பேட்டரி இப்போது ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. மாற்றுப் பேட்டரி கேட்டால், "அந்த மாடலுக்கு இனி வராது, புதியதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள் கடையில். மோட்டாரோ இன்னும் புதிதுபோல ஓடுகிறது. கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பாகம் கிடைக்காததால் முழுப் பொருளும் குப்பைக்குப் போவது திட்டமிட்ட வேலையா, அப்படியானால் நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்.

பேட்டரி தேய்ந்தது இயற்கை. அதற்கு மாற்று கிடைக்காமல் போனது ஒருவர் எடுத்த முடிவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எல்லாமே ஏமாற்று என்று பேசுவதால் உற்பத்தியாளருக்குத்தான் வசதி. தேய்மானத்தைப் பற்றிக் கேட்டால் அவர் வேதியியலைக் காட்டி நியாயமாகவே பதில் சொல்லிவிடுவார். மாற்றுப் பாகத்தைப் பற்றிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், மின்னணுப் பாகங்களைச் சூட்டிலும் ஈரத்திலும் போட்டு அவை எவ்வளவு காலம் தாங்குகின்றன என்று கணக்கெடுக்கும் பிரிவில் வேலை செய்தவன் என்ற முறையில், எந்தக் குறை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

திட்டமிட்டு ஆயுளைக் குறைத்ததற்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது குண்டு விளக்கின் வரலாறு. அது கட்டுக்கதை அல்ல. ஓஸ்ராம், ஃபிலிப்ஸ், துங்ஸ்ராம் முதலிய நிறுவனங்களும் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு தொடர்புடைய நிறுவனங்களும் சேர்ந்து, 1924-ன் இறுதியில் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்து, வீட்டு விளக்கின் ஆயுளை 1000 மணி நேரம் என்று வரையறுத்தன. அதற்கு முன் 1500 முதல் 2000 மணி வரை எரிந்த விளக்குகள் சந்தையில் இருந்தன. உறுப்பினர்களின் விளக்குகளை வாங்கிச் சோதித்து, கூடுதலாக எரிந்தவற்றுக்கு அபராதமும் விதித்தார்கள். 1939-ல் போர் மூண்டபின் கூட்டணி கலைந்தது. இதன் மறுபாதி அதிகம் பேசப்படுவதில்லை. இழையைக் குறைந்த சூட்டில் எரியவிட்டால் ஆயுள் கூடும் என்றாலும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் அதிகம் செலவாகும். பிரிட்டனின் ஏகபோக ஆணையம் 1951-ல் இதை ஆராய்ந்து, பெரும்பாலான தேவைகளுக்கு 1000 மணி என்பது ஏற்கத்தக்க சமரசம்தான் என்றது. ஆயுளுக்கு ஓர் அளவு வைத்ததற்குப் பொறியியல் காரணம் இருந்தது. அதைத் தாண்டியவருக்கு அபராதம் போட்டதற்கு வியாபாரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆனால் அந்தக் கூட்டணிகூட விளக்கின் அடிமுனையில் கை வைக்கவில்லை. விளக்கு அணைந்தால் எந்த நிறுவனத்தின் விளக்கையும் வாங்கி அதே பிடிப்பானில் மாட்டிக்கொள்ளலாம். இன்று நம் அடுக்குமாடி வீடுகளின் கூரையில் பதிக்கப்படும் எல்இடி விளக்குகள் பலவற்றில் பிடிப்பான் என்ற ஒன்றே கிடையாது. எல்இடி நன்றாக இருக்கும். அதற்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் டிரைவர் பலகை செத்துப்போகும். முழு விளக்கையும் கூரையிலிருந்து பிடுங்கி எறிய வேண்டியிருக்கும்.

அந்தப் பலகையில் முதலில் சாவது பெரும்பாலும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எனப்படும் சிறு உருளை. அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றுகிறது. அதன் தரவுத்தாளில், எடுத்துக்காட்டாக, 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் என்று இருக்கும். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலின் கைக்கணக்கு. அதன்படி 65 டிகிரியில் வேலை செய்யும் அந்தக் கெப்பாசிட்டர் 32,000 மணி தாங்கும். இரவும் பகலும் ஓடும் ஒரு வைஃபை ரவுட்டருக்கு அது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். அதே இடத்தில் 85 டிகிரியில் 2000 மணி என்ற மலிவு வகையை வைத்தால் 8,000 மணிதான், ஓராண்டுகூட இல்லை. 105 டிகிரியில் 5000 மணி தாங்கும் வகையை வைத்தால் ஒன்பது ஆண்டு. மொத்தமாக வாங்கும் ஆலைக்கு இவற்றிடையே உள்ள விலை வேறுபாடு சில காசுதான். மூன்றாம் ஆண்டில் சாகட்டும் என்று வரைபடத்தில் யாரும் எழுதிவைப்பதில்லை. இத்தனை ஆண்டு தாங்கினால் போதும் என்று ஓர் எண்ணை முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள், பொறியாளர் அந்த எண்ணுக்கு ஏற்ற மிக மலிவான பாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த எண் உத்தரவாதக் காலத்தைவிட எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில்தான் நிறுவனத்தின் மனம் தெரியும்.

நம் ஊர்க்காரர்கள் இதில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 22 டிகிரி அறையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட கருவி, பிற்பகலில் 32 டிகிரியைத் தொடும் பினாங்கு வீட்டில், அதே கைக்கணக்கின்படி பாதி ஆயுளோடு வேலை செய்கிறது. கடலோரத்து உப்புக் காற்றும், ஈரப்பதமும், இடிமின்னலும் வேறு. ரவுட்டரைச் சாமி மேடைக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்து, பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று துணியும் போட்டு மூடிவைக்கும் வீடுகள் உண்டு. அது சீக்கிரம் செத்தால் உற்பத்தியாளரைத் திட்டிப் பயனில்லை.

சில பாகங்கள் உடைவதற்கென்றே வைக்கப்பட்டவை, அதுவும் நல்ல நோக்கத்தோடு. மிக்சியில் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். விரலி மஞ்சள் சிக்கிக் கத்தி நின்றுபோனால், கப்ளரின் பல் உடைந்து மோட்டாரின் செப்புச் சுருள் எரியாமல் காப்பாற்றுகிறது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மிக்சி விற்கும் கடைகளில் சில ரிங்கிட்டுக்கு வேறொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மேசை விசிறியின் மோட்டாருக்குள்ளும் இப்படி ஒரு காவல் உண்டு. சுழல்தண்டைத் தாங்கும் புஷ்ஷில் எண்ணெய் வற்றி மோட்டார் இறுகிச் சூடேறினால், சுருளோடு சேர்த்துக் கட்டப்பட்ட வெப்ப உருகி அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். மிக மலிவான பாகம். ஆனால் சுருளின் கட்டுக்குள் மறைந்திருப்பதால், விசிறி செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிகிறார்கள். பழுதுபார்ப்பவர் அதே அளவு உருகியை வைத்து, புஷ்ஷுக்கும் எண்ணெய் விட்டுத் தந்தால் விசிறி இன்னும் பல ஆண்டு ஓடும். உருகியை நீக்கிவிட்டுக் கம்பியை நேராக இணைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் விசிறியைக் கொடுக்காதீர்கள்; அடுத்த முறை மோட்டார் இறுகும்போது தடுக்க எதுவும் இல்லாமல் தீப்பிடிக்கலாம்.

திட்டம் தெளிவாகத் தெரியும் இடத்துக்கு இப்போது வருகிறேன். தேயும் பாகம் உலகெங்கும் ஒரே அளவில் மலிவாகக் கிடைக்கும் பாகமாக இருந்தும், அதை மாற்றவிடாமல் தடுப்பதற்குத் தனியாகச் செலவு செய்திருக்கிறார்கள் என்றால், அங்கே நோக்கத்தைச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை உண்டு. முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரங்களில் டிரம்மைத் தாங்குவது 6205, 6206 போன்ற எண்ணுள்ள சாதாரணப் பேரிங். எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். முன்பெல்லாம் வெளித்தொட்டி இரண்டு பாதியாக, திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். பிரித்துப் பேரிங்கை மாற்றலாம். இப்போது பல மாடல்களில் அந்த இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங் தேய்ந்தால் தொட்டியும் டிரம்மும் சேர்ந்த முழுத் தொகுதியை வாங்க வேண்டும், அதன் விலையைக் கேட்டதும் பலரும் புது இயந்திரத்துக்கே போய்விடுகிறார்கள். ஒட்டினால் நீர் கசியாது, உற்பத்தி வேகமாகும் என்று நிறுவனம் சொல்லும் காரணம் பொய்யல்ல. ஆனாலும் அந்த மிச்சம் நிறுவனத்துக்கு, செலவு உங்களுக்கு.

பசையைவிட நுட்பமான பூட்டு சிப். அச்சுப்பொறியின் மைக்குப்பியில் ஒரு சிப்பை வைத்து, மறுநிரப்பிய குப்பியை இயந்திரம் ஏற்காதபடி செய்வது இதில் பழைய வழி. லெக்ஸ்மார்க் நிறுவனம் இத்தகைய குப்பிகள் தொடர்பாகத் தொடுத்த வழக்கில், பொருளை விற்றவுடன் அதன்மீதான காப்புரிமை முடிந்துவிடுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. மறுநிரப்புபவர்களுக்கு அது பெரிய வெற்றிதான். ஆனால் நீதிமன்றம் அனுமதித்ததைச் சிப் அனுமதிக்காவிட்டால் அச்சுப்பொறி அசையாது. வீட்டு நீர் வடிகட்டிகள் பலவற்றில் எரியும் சிவப்பு விளக்கு நீரைச் சோதிப்பதில்லை, மாதங்களை எண்ணுகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் ஏழு பேர் உள்ள வீட்டுக்கும் அது ஒரே நாளில்தான் எரியும். அதற்காக ஈராண்டு மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். நம் சூட்டில் பழைய கரி வடிகட்டியில் கிருமி வளரும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, பொதுவில் பதிவான மிகத் தெளிவான சான்று ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன் விவகாரம். பேட்டரி தேய்ந்த கைப்பேசிகளின் வேகத்தை ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் குறைத்ததை அந்நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பழைய பேட்டரியால் கைப்பேசி திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக அது சொன்ன காரணம் தொழில்நுட்ப முறையில் சரியானதுதான். ஆனால் பயனீட்டாளரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலர் புதுக் கைப்பேசி வாங்காமல் பேட்டரியை மட்டும் மாற்றியிருப்பார்கள். எதிர்ப்பு எழுந்தபின் மாற்றுக் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. தகவலை மறைத்ததற்காகப் பிரான்ஸில் 2020-ல் 25 மில்லியன் யூரோ அபராதம் கட்டியது.

எல்லா இடத்திலும் கெட்ட எண்ணம் இருப்பதாகவும் சொல்ல முடியாது. ஆலைக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு வேறொரு காரணமும் தெரியும். ஒரு சிப்பை உற்பத்தி செய்வதை நிறுத்தப்போகும் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பிக் கடைசிக் கொள்முதலுக்கு ஒரு கெடு வைக்கும். வழக்கமாக அது ஆறு மாதமோ ஓராண்டோ. கருவி செய்யும் நிறுவனம், இன்னும் ஏழெட்டு ஆண்டில் எத்தனை பலகைகள் பழுதாகும் என்று அன்றே கணித்து, அத்தனை சிப்பையும் வாங்கிக் கிடங்கில் வைக்க வேண்டும். அதிகமாக வாங்கினால் பணம் முடங்கும். குறைவாக வாங்கினால், மூன்றாம் ஆண்டில் கடைக்காரர் உங்களிடம் "இனி வராது" என்பார். பேட்டரிக்குச் சிக்கல் இன்னும் பெரிது, ஏனெனில் லித்தியம் செல் கிடங்கில் சும்மா இருந்தாலும் கெட்டுப்போகிறது. ஆகவே பாகம் கிடைக்காமல் போவதில் பாதி, கிடங்குக்குச் செலவு செய்ய மனமில்லாமை. அந்தச் செலவைச் செய்யவைக்கச் சட்டத்தால்தான் முடியும் என்பதை ஐரோப்பா காட்டியிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும், சலவை இயந்திரத்துக்குப் பத்து ஆண்டும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏழு ஆண்டும் குறிப்பிட்ட உதிரிப் பாகங்களைத் தர வேண்டும். கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். மேலே சொன்ன பேரிங் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் டிரம்மோடு சேர்த்து ஒரே தொகுதியாகவும் விற்கலாம் என்று விதியிலேயே இடம் விட்டிருக்கிறார்கள்; ஒட்டிய தொட்டி அந்த வாசல் வழியாகத் தப்பிக்கொள்கிறது. 2023-ல் இயற்றிய பேட்டரிச் சட்டம் அதைவிடக் கறாரானது. 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கருவியில் உள்ள சிறு பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். மாற்றுப் பேட்டரி நியாயமான விலையில் குறைந்தது ஐந்து ஆண்டு கிடைக்க வேண்டும். மென்பொருளைக் கொண்டு மாற்றுவதைத் தடுக்கவும் கூடாது. இந்தச் சட்டங்கள் மலேசியாவில் செல்லாது. ஆனாலும் அங்கே விற்கும் மாடலையே இங்கும் விற்பவர்களிடம் பாகம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், வாங்குமுன் அந்த மாடல் எண் ஐரோப்பாவிலும் விற்பனையில் உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

நமக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி, பொருளை விற்ற பிறகு நியாயமான காலம்வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்க, உற்பத்தியாளரும் விற்பவரும் நியாயமான முயற்சி எடுப்பார்கள் என்ற உத்தரவாதம், யாரும் எழுதித் தராவிட்டாலும் உங்களுக்கு உண்டு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரையே உற்பத்தியாளராகச் சட்டம் கருதுகிறது. 32-ஆவது பிரிவு, பொருளின் ஏற்கத்தக்க தரத்தில் நீடித்து உழைப்பதையும் சேர்த்திருக்கிறது. ஓட்டை 37-லேயே இருக்கிறது: பாகம் கிடைக்கும் என்று நாங்கள் உறுதி தரவில்லை என்று விற்பதற்கு முன்போ விற்கும்போதோ உங்களுக்குத் தெரியப்படுத்தினால் அந்த உத்தரவாதம் செல்லாது. உத்தரவாத அட்டையின் சிற்றெழுத்துகளில் முதலில் தேட வேண்டியது இந்த வரியைத்தான். "நியாயமான காலம்" எத்தனை ஆண்டு என்று சட்டம் எண் குறிப்பிடவில்லை. ஐரோப்பாபோல் பொருள்வாரியாக ஆண்டுகளை எழுதிவைக்காதது நம் சட்டத்தின் பெரிய குறை என்பது என் கருத்து.

அந்த வரி இல்லையென்றால், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஐந்து ரிங்கிட் கட்டணம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கை. இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது என்பதால் பெரிய நிறுவனமும் தன் அதிகாரியைத்தான் அனுப்ப வேண்டும். கோரிக்கைக்குரிய காரணம் எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வாங்கிய நாளிலிருந்து என்று சட்டம் சொல்லாததால், பாகம் இல்லை என்று மறுத்த நாளைக் காட்டி வாதிட இடமுண்டு. ஆகவே கடைக்காரர் வாய்ச்சொல்லாகச் சொன்னதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிவிடுங்கள். மனு எழுதத் தயக்கமாக இருந்தால், ஜாலான் மஸ்ஜித் நெகிரியில், பழையவர்கள் கிரீன் லேன் என்று சொல்லும் சாலையில், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் நீண்ட காலம் தலைமை தாங்கிய அந்தச் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

இனி, உங்கள் தூசு உறிஞ்சி. பேட்டரிப் பெட்டியின் அடியில் உள்ள ஒட்டுத்தாளில் பாக எண்ணும் வோல்ட் அளவும் இருக்கும். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அந்தப் பாக எண்ணைச் சொல்லி உற்பத்தியாளரின் சேவை மையத்தில் கேளுங்கள்; ஒரே பேட்டரியை வேறு மாடலிலும் பயன்படுத்தியிருக்கலாம். 21.6 வோல்ட் என்று இருந்தால், உள்ளே 3.6 வோல்ட் செல்கள் ஆறு வரிசையாக இருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் 18650 என்ற உருளை வகை. அவற்றை மட்டும் மாற்றித் தரும் பழுதுபார்ப்பவர்கள் பினாங்கிலும் உண்டு. கோலாலம்பூர் பூடுவில் ஜாலான் பாசார் பக்கம் மின்னணுப் பாகக் கடைகள் ஒரு தெருவே இருக்கிறது. கொடுக்கும்முன் அவரிடம் செல்களை ஸ்பாட் வெல்டிங் (ஈயம் இல்லாமல், மின்னோட்டத்தால் நொடியில் ஒட்டும் முறை) செய்வாரா என்று கேளுங்கள். செல்லின்மேல் நேரடியாக ஈயம் பற்றவைப்பவர் வேண்டாம். 18650 அளவில் கொள்ளளவு 9900 மில்லியம்பியர்-மணி என்று அச்சிட்ட செல்லைக் காட்டினால் அது போலி. நல்ல நிறுவனங்களின் செல்களே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. தூசு உறிஞ்சி ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் அதற்கேற்ற வகைதான் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்றுப் பலகைகள் சில, செல்களை முழுதும் கழற்றியவுடன் தாமாகப் பூட்டிக்கொண்டு, புது செல் வைத்தாலும் விழிக்காது. அந்த வகையா என்று அவருக்குத் தெரியவில்லையென்றால், பணம் வேலை முடிந்தபின்தான் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பெட்டி உப்பியிருந்தாலோ, சார்ஜ் போடாதபோதும் சூடாக இருந்தாலோ, செல் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பழைய செல்களின் முனைகளை டேப்பால் ஒட்டி மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால் லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கலாம்.